திங்கட்கிழமையே போட்ட டிக்

டயர் கடைக்கு மேலே இருந்த அந்தச் சபையில் மாதத்தின் கடைசி ஞாயிறு என்றால் நாற்காலி போதாது. அன்றுதான் சாட்சி சொல்லும் நாள். தேவன் தங்கள் வாழ்க்கையில் என்ன செய்தார் என்று ஒவ்வொருவராக எழுந்து மைக்கைப் பிடித்துச் சொல்வார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் விட்டிருக்கும். இன்னொருவருக்குத் தொலைந்துபோன வீட்டுச் சாவி கிடைத்திருக்கும். காய்ச்சலுக்கும் சாவிக்கும் கூட்டம் ஒரே அளவில் ஸ்தோத்திரம் சொல்லும். கடைசியில் திருப்புளி எழுந்திருப்பார். அதுவரை தூங்கி விழுந்தவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

திருப்புளி என்பது பட்டப்பெயர். ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் துணி வெளுக்கும் பெரிய நீராவி லாண்ட்ரியில் அவர் மெக்கானிக். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு திருப்புளி, அதாவது ஸ்க்ரூ டிரைவர், செருகியிருக்கும். சபைக்கு வரும்போதும் அதை எடுத்து வைக்க மறந்துவிடுவார். முழங்கால் போட்டு ஜெபிக்கும்போது அது நழுவித் தரையில் விழும். ஆமென் சொல்வதற்கு முன்னால் திருப்புளி சத்தம் கேட்கும் என்று சிறுபிள்ளைகள் கேலி பேசுவார்கள்.

தன் குடியைப் பற்றி அவர் சொன்னால் குடிக்காதவனுக்கும் தலை சுற்றும். சாக்கடையோரம் ஒற்றைச் செருப்போடு விழுந்து கிடந்தது, தன் வீடென்று நினைத்துப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, திறந்த அம்மாவிடம் "என் வீட்ல உனக்கு என்ன வேலை?" என்று மல்லுக்கு நின்றது, எல்லாவற்றையும் நடித்தே காட்டுவார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். பிறகு குரல் தாழும். மனைவி கையைப் பிடித்து இந்த மாடிப்படியில் ஏற்றிக்கொண்டு வந்தது, தரையில் விழுந்து அழுதது, அன்றோடு குடியை விட்டது. சிரித்தவர்கள் எல்லோரும் கண்ணைத் துடைப்பார்கள். மூன்று வருடமாக ஒரே கதைதான். சிரிப்பும் கண்ணீரும் அதே இடங்களில் வரும்.

கதையில் பொய் எதுவும் இல்லை. குடி எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுவார்: "வேலை செய்யற இடத்தில ஒரு விபத்து, மனசு உடைஞ்சு போச்சு." அந்த வாக்கியம் வரும்போது மூன்றாவது வரிசையில் இருக்கும் அவர் மனைவி தலையைக் குனிந்து தன் கால் விரல்களைப் பார்ப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அண்ணன் வந்திருந்தார். பஸ் டிப்போவில் எலெக்ட்ரீஷியன். சாமி, பூதம் எதையும் நம்பாதவர். தங்கை வீட்டில் சாப்பிட வந்தவர், மாடி ஏற மாட்டேன் என்று கீழே டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஆனால் மைக்குக்கு நம்பிக்கை உள்ளவன், இல்லாதவன் என்ற பேதம் கிடையாது. சாட்சி முழுவதும் தெருவரை கேட்டது.

சாப்பிடும்போது அவர் சொன்னார்: "மாப்ள, நல்லா சொன்னீங்க. எனக்கே கண் கலங்கிடுச்சு. அந்த மின்னல் கதையைத்தான் எங்கயும் காணோம்."

திருப்புளியின் கை தட்டிலேயே நின்றது. "அதையெல்லாம் தேவன் எப்பவோ மன்னிச்சுட்டார், மச்சான்."

"கை போனது அவருக்கா?"

"அண்ணே, சாப்பிடற நேரத்தில" என்றாள் தங்கை.

"நான் ஒண்ணும் தப்பாக் கேக்கலைம்மா. அடி வாங்கினது ஒருத்தி. மன்னிச்சது வேற ஒருத்தர். எங்க டிப்போவில கூட இப்படி நடக்காது." அவர் குழம்பை ஊற்றிக்கொண்டு சாப்பாட்டைத் தொடர்ந்தார். திருப்புளி தட்டை நகர்த்திவிட்டு எழுந்து கை கழுவப் போனார்.

ஐந்து வருடத்துக்கு முந்தைய கதை அது.

லாண்ட்ரியில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட ஒரு நீள இயந்திரம் உண்டு. கொதிக்கக் கொதிக்க இரண்டு உருளைகள் சுழலும். ஈர விரிப்பின் விளிம்பை இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்து உருளைகளுக்கு நடுவே ஊட்ட வேண்டும். அந்தப் பக்கம் அது மொடமொடவென்று காய்ந்து வெளியே வரும். ஊட்டுகிற கை உள்ளே போய்விடாமலிருக்க முன்னால் ஒரு தடுப்புக் கம்பி. விரல் பட்டால் போதும், இயந்திரம் அப்படியே நின்றுவிடும். விரலுக்கும் தடித்த போர்வை விளிம்புக்கும் வித்தியாசம் தெரியாத கம்பி அது. போர்வை பட்டாலும் நிற்கும். ஒரு நாளைக்கு முப்பது தடவை நிற்கும்.

"இது பாதுகாப்பா, தொல்லையா?" என்றார் மேனேஜர். "அந்தக் கம்பியைக் கொஞ்சம் கட்டி வைப்பா."

திருப்புளி கட்டி வைத்தார். ஒரு சாண் இரும்புக் கம்பியால் மூன்று முறுக்கு. இனி எது பட்டாலும் தடுப்பு அசையாது, இயந்திரம் நிற்காது. அரை நிமிட வேலை.

இயந்திரங்களைப் பரிசோதித்ததற்கு அடையாளமாக ஒரு புத்தகத்தில் தினமும் காலை டிக் போட வேண்டும் என்பது சட்டம். அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும், அந்த டிக்கின் யோக்கியதை. திங்கட்கிழமை காலை, தேநீர் ஒரு கையில் இருக்க, சனி வரைக்கும் ஆறு கட்டங்களையும் ஒரே மூச்சில் நிரப்பிவிடுவார்கள். திருப்புளிக்கு அந்த வேலையைக் கற்றுக் கொடுத்தவர் அப்படித்தான் செய்தார். அவருக்கும் யாரோ அப்படித்தான் கற்றுக் கொடுத்திருப்பார். பார்க்காமலே பார்த்ததாக எழுதுவது திருச்சபைகளுக்கும் சர்க்காருக்கும் மட்டும் சொந்தமான கலை அல்ல.

அந்த இயந்திரத்தில் நின்றவளுக்கு மின்னல் என்று பெயர். மற்றவர்கள் ஒரு விரிப்பு ஊட்டும் நேரத்தில் இரண்டு ஊட்டுவாள். மேனேஜரே வெளியாட்களைக் கூட்டி வந்து, "பாருங்க, எங்க மின்னலை" என்று காட்டுவார். ஒரு புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு விரிப்பின் மடிப்பில் அவள் வலது கை சிக்கியது. தடுப்புக் கம்பி கட்டிக் கிடந்தது. நாலு விரல்களும் போயின. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

விசாரணை வந்தது. மேனேஜர், யாரையும் கட்டச் சொல்லவில்லை என்றார். "அவ பேரே மின்னல். வேகத்துக்காக அவளே கட்டியிருப்பா." அவளை ஊருக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்ட வேகத்தையே குற்றப்பத்திரிகை ஆக்கினார். திருப்புளியைக் கேட்டார்கள். வேலை போய்விடும் என்று பயம். "காலையில நான் பார்க்கும்போது கம்பி சரியா இருந்துச்சு" என்றார். புத்தகத்தைப் பார்த்தார்கள். புதன்கிழமை கட்டத்தில் டிக் இருந்தது. அவ்வளவுதான். தன் கவனக்குறைவால் தானே காயப்பட்டவள் என்று எழுதி, நஷ்டஈடு இல்லாமல் மின்னலை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று மாலைதான் திருப்புளி முதல்முதலாக மூக்கு முட்டக் குடித்தார்.

பிற்பாடு சபைக்கு வந்து குடியை விட்டது நிஜம். அதோடு நிற்கவுமில்லை. விசாரணை முடிந்ததும் தடுப்பை மறுபடி கட்டியிருந்தார்கள்; மனந்திரும்பிய மறுநாளே அந்த முறுக்கை அவிழ்த்து எறிந்தார். மேனேஜர் கத்தியபோது, "வேணும்னா நீங்களே கட்டிக்குங்க சார்" என்றார். மேனேஜர் கம்பியைத் தொடவில்லை. அதன்பின் தினமும் காலை தன் விரலைத் தடுப்பின்மேல் வைத்து, இயந்திரம் நிற்கிறதா என்று பார்த்த பிறகே அன்றைய டிக்கைப் போட்டார். "ஜெபம் பண்ணிட்டுத்தான் டிக் போடுவீங்களா அண்ணே?" என்று மற்ற மெக்கானிக்குகள் சிரித்தார்கள். போதனை கேட்டு அழுகிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். திங்கட்கிழமை காலை வேலையில் அந்த அழுகையைக் காட்டுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். திருப்புளி அந்தச் சிலரில் ஒருவர்.

அவருக்கும் ஒரே ஓர் இடம் மட்டும் கல்லாக இருந்தது. மச்சான் அதில்தான் உளியை வைத்துவிட்டுப் போனார்.

மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்துவிட்டு, புதன்கிழமை போதகரிடம் போய் நடந்ததையும், அதை வெளியே சொல்லப்போவதையும் சொன்னார். போதகர் கெட்டவர் இல்லை. ஆனால் சபைக்கு வாடகைக் கட்டடம், எழுத்தில் இல்லாத அனுமதி, ஏற்கெனவே முகம் சுளிக்கும் அக்கம்பக்கம். பயப்பட அவருக்கு ஆயிரம் காரணம் இருந்தது.

"சகோதரரே, தேவன் மறந்துபோன பாவத்தை நீங்க ஏன் தோண்டறீங்க?"

"அவர் மறந்திருக்கலாம் ஐயா. அந்தம்மா தினமும் காலையில சட்டைப் பொத்தான் போடும்போது ஞாபகம் வருமே."

போதகர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கேஸ் ஆகும். பேப்பர்ல வரும். நம்ம சாட்சிக்காரரே பொய்ச்சாட்சி சொன்னவர்னு எழுதுவாங்க. கொஞ்ச நாளைக்கு நீங்க மைக்கைப் பிடிக்க வேண்டாம்."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் திருப்புளி. "இனிமே நான் பாதிக் கதை சொல்ல மாட்டேன்."

போதகர் அவர் தலையில் கைவைத்து ஜெபித்தார். ஜெபத்தின் நடுவே அவர் குரலும் உடைந்தது. ஆனாலும் கூட வருகிறேன் என்று சொல்லவில்லை.

வீட்டில் மனைவியிடம், "முதல்ல மின்னல் வீட்டுக்குப் போய்க் கால்ல விழறேன்" என்றார். அவள் தையல் மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"வேண்டாம். நீங்க போய் அழுவீங்க. உங்களை அவங்க சமாதானப்படுத்தணும். தண்ணி குடுக்கணும். கையையும் எடுத்துட்டு, தண்ணியும் வாங்கிக் குடிச்சுட்டு வருவீங்களா? எங்க பொய் சொன்னீங்களோ அங்க போய் முதல்ல உண்மையைச் சொல்லுங்க."

"வேலை போயிடும்."

"தெரியும். அஞ்சு வருஷமாத் தெரியும்." அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "எனக்கும் இதில பங்கு இருக்கு. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

தொழிலாளர் அலுவலகத்தில் முன்மேசைக் கிளார்க் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகத் திருப்புளியைப் பார்த்தார்.

"என்ன விஷயம்?"

"ஒரு புகார் குடுக்கணும். அஞ்சு வருஷத்துக்கு முன்னால நடந்த விபத்து."

"யார் மேல புகார்?"

"என் மேல."

கிளார்க் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க மேல நீங்களேவா? அதுக்குப் படிவம் கிடையாதே."

"வெள்ளைத் தாள்ல எழுதித் தரேன்."

"வெள்ளைத் தாளை எந்த ஃபைல்ல வைக்கறது?" உண்மையாகவே குழம்பிப்போனார் அவர். கடைசியில், பைத்தியம் கையைக் கடித்துவிடுமோ என்ற பாவனையில், உள்ளே அதிகாரியிடம் அனுப்பினார்.

அதிகாரி இளம்பெண். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. திருப்புளி சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டாள். "நீங்க அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. இதுல எதை நான் நம்பறது? ஆதாரம் இருக்கா?"

"உங்ககிட்டயே இருக்கும்மா. விசாரணை ஃபைல்ல அந்த வாரத்துப் பக்கம் இருக்கும். எடுத்துப் பாருங்க."

ஃபைலை எடுத்துவர ஒரு மணி நேரம் ஆனது. பக்கம் இருந்தது. புதன்கிழமை டிக்கைச் சுற்றி யாரோ சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள்.

"பக்கத்துக் கட்டங்களைப் பாருங்கம்மா."

வியாழன், டிக். வெள்ளி, டிக். சனி, டிக்.

"விபத்து புதன் பகல்ல நடந்துச்சு" என்றார் திருப்புளி. "அன்னிக்கே மெஷினுக்குச் சீல் வச்சு, புத்தகத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. வியாழக்கிழமை நான் எப்படி டிக் போட்டிருப்பேன்? எல்லாமே திங்கட்கிழமை போட்டது. புதன் காலையில நான் அந்த மெஷின் பக்கமே போகலை. கட்டினது நான். கட்டச் சொன்னது மேனேஜர்."

அவள் அந்த மூன்று டிக்கையும் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விசாரணை அதிகாரி, இரண்டு வக்கீல்கள், ஒரு டாக்டர், கையெழுத்திட்ட மூன்று மேலதிகாரிகள் என்று அத்தனை பேர் கண்ணிலும் பட்ட தாள் அது. வரப்போகும் நாட்களின் பரிசோதனை அதில் ஏற்கெனவே முடிந்து கிடந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. சிவப்பு வட்டம் எங்கே போட்டார்களோ அங்கே மட்டும் பார்த்தார்கள். ஏழையின் வழக்கில் நீதிக்குக் கண் கட்டியிருப்பதாகச் சொல்வது உபசாரம். கண் நன்றாகவே தெரியும், எங்கே பார்க்கக் கூடாது என்பதும் தெரியும்.

"இதனால உங்க மேலயும் வழக்கு வரும், தெரியுமா?" என்று கேட்டாள் அதிகாரி.

"தெரியும்மா. எழுதிக்குங்க."

இரண்டு மாதம் கழித்து மறுவிசாரணை. மின்னலுக்கும் கடிதம் போயிருந்தது. அவள் ஒரு வாகன நிறுத்தத்தில் இடது கையால் டோக்கன் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். வலது கை துணிப்பைக்கு அடியில் இருந்தது. திருப்புளி அவளைப் பார்த்து எழுந்து நின்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேனேஜர் தரப்பு வக்கீல் நல்ல பேச்சாளர். "நீங்க பெரிய குடிகாரரா இருந்தவர்தானே?"

"ஆமாங்க."

"அப்புறம் திடீர்னு பக்திமான் ஆயிட்டீங்க. சொப்பனம், தரிசனம் ஏதாவது வந்து இப்படிச் சொல்லச் சொல்லுச்சா?"

"இல்லீங்க. வெட்கம் வந்துச்சு."

யாரோ சிரித்தார்கள். வக்கீல் விடவில்லை. "அப்ப உங்க கடவுள் உங்களைப் பொய் சொல்ல விட்டு அஞ்சு வருஷம் சும்மா இருந்தாரா?"

"அவர் சும்மா இல்லீங்க. நான்தான் காதைப் பொத்திக்கிட்டு, எல்லாம் சரியாயிடுச்சுன்னு பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தேன். இப்ப என்னைத் தண்டிங்க. ஆனா அந்தம்மா கட்டலைன்னு முதல்ல எழுதுங்க. அதை எழுதிட்டு மத்ததைப் பேசுவோம்."

பின்வரிசையில் பஸ் டிப்போ மச்சான் உட்கார்ந்திருந்தார். வாழ்நாளில் ஒரு பிரசங்கத்துக்கும் தலையாட்டாதவர், அதற்குத் தலையாட்டினார்.

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. பழைய முடிவு ரத்து. விபத்துக்கு மின்னல் காரணமில்லை. நஷ்டஈட்டை லாண்ட்ரி கொடுக்க வேண்டும். மேனேஜர் மேல் வழக்கு, பொய் சொன்னதற்காகத் திருப்புளி மேலும் வழக்கு. அன்று காலையே அவரை வேலையை விட்டு நீக்கிய கடிதம் வந்துவிட்டது. மேனேஜருக்கு அப்படி எந்தக் கடிதமும் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தீர்ப்பின் நகலை வாங்கிக்கொண்டு திருப்புளி படியிறங்கினார். தாழ்வாரத்துப் பெஞ்சில் மின்னல் இருந்தாள். அவளைத் தாண்டிப் போக அவருக்குத் துணிவில்லை, நிற்கவும் துணிவில்லை.

"நில்லுங்க" என்றாள் அவள். நின்றார்.

"அஞ்சு வருஷம். வீட்ல என் பிள்ளைகூட ஒரு நாள் கேட்டான், 'நீயேதான் கட்டினியாம்மா?'ன்னு. கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. கட்டிட்டு மறந்துட்டேனோன்னு. ராத்திரி உட்கார்ந்து யோசிப்பேன். இல்லாத கையால கம்பி முறுக்கற மாதிரியே தோணும்." அவள் மூச்சு விட்டாள். "இன்னிக்கு அந்தச் சந்தேகம் போச்சு. விரலைவிட அதுதான் பெரிசா வலிச்சுது. இதைச் சொல்லணும்னுதான் நிக்கச் சொன்னேன். மன்னிப்பு அது இதுன்னு இப்ப எதையும் கேக்காதீங்க."

"கேக்க வரலை, அக்கா."

"கேட்டா குடுக்க எங்கிட்ட இல்லை."

"சரிக்கா."

அவர் அழவில்லை. மனைவி சொன்னதை நினைத்து உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

மின்னல் எழுந்து இரண்டடி போனவள் திரும்பினாள். "அந்த மெஷின்ல இப்ப யார் நிக்கறா?"

"புதுசா ஒரு பொண்ணு. வந்து ஆறு மாசம்."

"கம்பி?"

"நேத்து காலை வரைக்கும் என் விரலை வச்சுப் பார்த்தேன். வேலை செய்யுது."

"நாளைக்கு?"

ஐந்து வருடத்தையும் திருப்பிச் சரி செய்துவிட்டதாக எண்ணியிருந்தவருக்கு, நாளைக் காலையைப் பற்றி ஞாபகமே வரவில்லை. அவர் போன இடத்துக்கு வேறொரு மெக்கானிக் வருவான். போர்வை படும், இயந்திரம் நிற்கும், மேனேஜர் கத்துவார். ஒரு சாண் கம்பிக்கு எங்கே பஞ்சம்?

"மேல போய்ச் சொல்லணும்" என்றார். "அந்த அதிகாரி அம்மா இருப்பாங்க."

"வாய்ல சொன்னா காத்தோட போயிடும். எழுதிக் குடுக்கணும்." மின்னல் பெஞ்சில் மறுபடி உட்கார்ந்தாள். துணிப்பையை எடுத்து ஓரமாக வைத்தாள். கட்டைவிரல் மட்டும் இருந்த கை மடிமேல் வெளிச்சத்தில் கிடந்தது. அவள் அதை மறைக்கவில்லை. "உங்ககிட்ட பேனா இருக்கா? நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. அந்த மெஷின் முன்னால ஒன்பது வருஷம் நின்னவ நான். எது எப்படி நிக்கும், எப்ப கட்டுவாங்க, எல்லாம் எனக்குத் தெரியும்."

திருப்புளி முதலாளி அனுப்பிய வேலைநீக்கக் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து, பின்பக்கம் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து, முழங்காலின் மேல் விரித்தார்.

"முதல்ல அந்தப் பொண்ணு பேரைப் போடுங்க" என்றாள் மின்னல். "நம்ம பேரெல்லாம் அப்புறம்."

அவர் எழுத ஆரம்பித்தார். வேகமாகச் சொன்னாள் அவள். பழைய வேகம். கை வலிக்க வலிக்க அவர் அவள் சொற்களின் பின்னாலேயே ஓடினார். ஒரு சொல்லையும் விடவில்லை.